வாடகைச் சப்பாத்துகள்

பிறர் போட்டுக் கழற்றிய சப்பாத்துக்குள் காலை விடுவதைப் போன்ற அரியண்டமான காரியம் வேறொன்றும் இல்லை. இதைச் சொல்லுகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த சீமாட்டி அல்ல. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து முதியோர் இல்லங்களில் வேலை செய்தவள். கிழவர்களின் மலம் அள்ளியிருக்கிறேன், அவர்கள் எடுத்த சத்தியைத் துடைத்திருக்கிறேன். அவர்களின் பொய்ப்பல்லைக் கழுவிக் கிளாசில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக்கொண்டு வந்து சான்ட்விச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் வயிறு குமட்டியதில்லை. அந்த அழுக்குக்கு ஒரு முகம் இருந்தது. காலையில் என்னைப் பார்த்துக் "குட் மோர்னிங் டியர்" என்று சொல்லும் ஒரு வாய் இருந்தது. வாடகைச் சப்பாத்துக்கு அப்படி ஒன்றுமில்லை. காயாத பஞ்சு, யாருடையதென்று தெரியாத வியர்வை, விரல் நுனி போய் முட்டும் இடத்தில் ஒரு கசகசப்பு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சப்பாத்துக்குள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முழுக் குளிர்காலம், சனிக்கிழமைதோறும் காலை விட்டேன். எல்லாம் ஒரு கனடாக்காரியால் வந்த வினை.

அப்போது நான் லண்டனின் தெற்கே ஸ்ட்ரெதத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கட யாழ்ப்பாணத்துப் பெண்கள். ஒருநாள் வகுப்பின் நடுவில் ஒருத்தி வந்து நின்றாள். நாற்பதை நெருங்கிய வயது, அகன்ற முகம், நீளமான கறுத்தப் பின்னல், எங்கள் நிறம். எங்களில் ஒருத்தி கொஞ்சமும் யோசிக்காமல் "அக்கா எந்த ஊர்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி அந்தக் கேள்வி.

அவள் கனடாவின் மேற்கு மலைகளில், வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இருந்த பூர்வகுடி மக்களில் ஒருத்தி. அவளுடைய ஆட்கள் காலங்காலமாக இருந்த பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு மலை இருந்தது. அதற்கு அவர்களுடைய மொழியில் ஒரு பெயரும் இருந்தது. வந்தவர்கள் பெயரை மாற்றி, மரத்தை வெட்டி, பனிச்சறுக்குக்கு வழி போட்டு, அடிவாரத்தில் ஹோட்டல் கட்டினார்கள். அவளுடைய தாய் அந்த ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைத்தாள். துவைக்கிற அறையின் ஜன்னலால் பார்த்தால் மலை முழுக்கத் தெரியுமாம். மேலே போக டிக்கெட் வேண்டும், அது அவர்களுக்கு எட்டாத சங்கதி. ஆட்களை மேலே இழுக்கிற இயந்திரத்தை ஓட்டிய ஒருவன்தான் இவளைக் களவாக ஏற்றிவிட்டானாம். "என்னுடைய மலையில் முதல்முறை நான் கள்ளியைப் போல ஏறினேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வெறி. மலை எட்டாத ஆட்களை மலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவனை நம்பி லண்டனுக்கு வந்திருக்கிறாள். அவன் போய்விட்டான், வெறி மட்டும் போகவில்லை. நகரத்து ஓரத்தில் இருந்த ஒரு செயற்கைச் சறுக்கு மேட்டில் ஸ்னோபோர்ட் பழக்குகிற வேலையில் இருந்தாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு, பக்கவாட்டாக நின்று மலையிலிருந்து இறங்குகிற விளையாட்டு அது.

"உங்களில் யாராவது பனிமலைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை. ஏன் என்று கேட்டாள். யாரோ குளிர் என்றார்கள். "விடியற்காலை இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்களே, அப்போது குளிரவில்லையா?" என்றாள். எட்டுப்பேர் பெயர் கொடுத்தோம். நான் கொடுத்தது அவளுடைய கதையில் உருகி அல்ல. சனிக்கிழமையும் வீட்டிலிருந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் கொடுத்தேன்.

மேடு என்றால் அதில் பனி கிடையாது. வீடு கூட்டுகிற தும்புத்தடிகளைத் தலைகீழாக நட்டுவைத்தது போல வெள்ளைப் பிளாஸ்டிக் முள். மேலே குழாயால் தண்ணீர் தெளித்துக்கொண்டேயிருப்பார்கள். விழுந்தால் முழங்கைத் தோல் உரியும். கைப் பெருவிரல் அந்த முள்ளுக்குள் சிக்கினால் முறியும். வாசலில் ஒரு கவுண்டர். அங்கே ஒரு வெள்ளைக்கார மனிதன் கால் அளவு கேட்டுச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பான். நான் இரண்டு காலுறை போட்டு, அதற்கு மேலே கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டுதான் காலை விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நாறுகிறவனுக்கு நாற்றம் தெரியாது.

நான் இன்னொன்றையும் கண்டேன். மற்ற ஆட்கள் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த மனிதன் அப்படியே சுவர்த்தட்டில் வைப்பான். நாங்கள் கொடுத்தால் கீழேயிருந்து ஒரு டின்னை எடுத்து, உள்ளே மருந்து அடித்துவிட்டு வைப்பான். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அடிப்பான். முதல்நாள் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் நின்று பார்த்தேன். ஒருநாளும் தவறவில்லை.

எங்கள் எட்டுப்பேரில் உண்மையாகச் சறுக்கியவள் ஒருத்திதான். என் அறைக்கு மேல்மாடியில் குடியிருந்த தங்கச்சி. கூடப்பிறந்தவள் இல்லை, கூப்பிடுகிற முறை அது. இருபத்தைந்து வயதிருக்கும். விடியமுன் எழும்பிப்போய் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் கிடந்தபடியால் நாட்டை விட்டு வெளியே போக அவளால் முடியாது. நாங்கள் விழுந்தெழும்பிக் குண்டியைத் தடவிக்கொண்டிருந்த நாட்களில் அவள் நிமிர்ந்து நின்றாள். பிறகு திரும்பினாள். பிறகு மேட்டின் உச்சியிலிருந்து ஒரு தடவைகூட விழாமல், ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டது போல வளைந்து வளைந்து வந்தாள். கனடாக்காரி சிகரெட்டை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றாள்.

உனக்கு என்னடி இதில் இவ்வளவு பைத்தியம் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"கீழ வரேக்கை என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது அக்கா" என்றாள்.

அந்த மாரிக் குளிரிலேயே எங்களை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப்போய் உண்மையான மலையில் இறக்குவதென்று கனடாக்காரி முடிவெடுத்தாள். பிரான்சுக்கோ சுவிஸுக்கோ தங்கச்சியால் போக முடியாது. அவளுக்கு எட்டக்கூடிய பனிமலை அது ஒன்றுதான். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் படிக்கட்டில்கூட முழங்காலை மடித்துப் பழகிக்கொண்டுதான் இறங்கினாள். எங்கள் வட்டாரத்தை நிர்வகிக்கிற கவுன்சில் ஒரு மினிபஸ் தரச் சம்மதித்தது. ஓட்டுகிறது கனடாக்காரி. ஆனால் பதிவு செய்த அமைப்பு ஒன்று கேட்டால்தான் பஸ் கிடைக்கும் என்றார்கள். எட்டுப் பெண்கள் ஒரு அமைப்பாக மாட்டார்களாம். ஆகையால் லண்டனில் இருந்த எங்கட தமிழ்ச் சங்கத்திடம் போனோம்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். சங்கத்தின் தலைவர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். கோட்டும் சூட்டும் குங்குமப்பொட்டுமாக எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் இருப்பார். கவுன்சில் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. அடுத்த கிழமையே இது சங்கத்தின் மகளிர் விளையாட்டுத் திட்டமாகிவிட்டது. அவருடைய மனைவியும் வேறு சில நிர்வாகிகளின் மனைவிமாரும் புதிதாகச் சேர்ந்தார்கள். எங்கள் எட்டுப்பேரில் அதே அளவு பேர் மெல்ல விலகிக்கொண்டார்கள். தலைவரின் மனைவியை நாங்கள் எல்லாரும் அன்ரி என்போம்.

ஆரம்ப விழா இல்லாமல் எங்கட ஆட்கள் மூக்கும் சிந்தமாட்டார்கள். சறுக்கு மேட்டின் அடியில் மேசை போட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேட்டுக் காற்றில் திரி நிற்கவில்லை. நாலுபேர் சுற்றிநின்று கோட்டை விரித்துப் பிடித்துக்கொள்ள ஐந்தாமவர் ஏற்றினார். கனடாக்காரிக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும் தீர்மானம். அதற்கு முதல்நாள் தலைவர் எனக்கு டெலிபோன் எடுத்தார்.

"அவவை அவையின்ரை உடுப்பிலை வரச் சொல்லும் பிள்ளை. தலையிலை இறகெல்லாம் வச்சு. போட்டோவுக்கு வடிவா இருக்கும்."

நான் அதை அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் இறகு வைத்துக்கொண்டு வருகிறேன், அவர் கோவணத்தோடு வருவாரா என்று கேள்" என்றாள். தலைவரிடம் அவவுக்கு அன்றைக்கு வர ஏலாதாம் என்று சொல்லிவைத்தேன். விழாவன்று வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, ரோல்ஸ், தேநீர் எல்லாம் முடிய எங்களுக்குத் தந்திருந்த நேரமும் முடிந்துவிட்டது. ஒருத்தரும் சறுக்கவில்லை. தங்கச்சி பலகையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் இருந்தாள்.

இதெல்லாம் சும்மா எரிச்சல். இவ்வளவோடு நின்றிருந்தால் இப்போது சிரித்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

அன்ரிக்கும் தங்கச்சிக்கும் ஒரே கால் அளவு. அந்த அளவில் பெண்களுக்கான ஸ்னோபோர்ட் சப்பாத்து அங்கே ஒரு சோடிதான் இருந்தது. தங்கச்சி முதல் மணித்தியாலம் போடுவாள், கழற்றிக் கொடுக்க அன்ரி அடுத்த மணித்தியாலம் போடுவார். கவுண்டர் மனிதன் நடுவில் மருந்து அடிப்பான். அன்ரி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார், "பாத்தீரே, எங்கடை ஆக்களுக்கெண்டு விசேசமாச் சுத்தம் பண்ணித் தாறான்." நான் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாதென்று அல்ல, எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை. இப்படிச் சில கிழமைகள் அந்தச் சோடி இரண்டு பேருடைய காலிலும் ஏறி இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகொரு சனிக்கிழமை, தேநீர் குடிக்கிற நீள மர வாங்கில் அன்ரி தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நான் எதிரே இருந்தேன்.

"பிள்ளை நல்லாத்தான் ஓடுறீர். எந்த ஊர்?"

தங்கச்சி ஊரைச் சொன்னாள்.

"ஓ, எங்களுக்குப் பக்கத்து ஊரெல்லோ. ஊரிலை எந்தப் பக்கம்?"

தங்கச்சி கோப்பையைப் பார்த்தாள். எங்கட ஆட்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. வெளியாருக்காகச் சொல்கிறேன். நேரே சாதி என்னவென்று கேட்டால் படித்த மனிதருக்கு அழகில்லை. எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ, எந்தக் கிணறு, எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன வேலை என்று சிரித்த முகத்தோடு ஒவ்வொரு வேலியாகப் பிரித்துப் பிரித்து உள்ளே வருவார்கள். ஆள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார்கள். போர் நடந்து, ஊர் எரிந்து, சனம் பாதி உலகமெல்லாம் சிதறிய பிறகும், லண்டனில் இருந்துகொண்டு அந்தக் கிணற்றை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

தங்கச்சி பொய் சொல்லவில்லை. "அப்பா சீவல் தொழில்" என்றாள். பனையேறிக் கள்ளுச் சீவுகிற தொழில். சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"ஓ, அப்பிடியே" என்றார் அன்ரி. சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை தங்கச்சி கழற்றிக் கொடுத்த சப்பாத்தை அந்த மனிதன் மருந்தடித்து அன்ரிக்கு முன்னால் வைத்தான். அன்ரி அதை இரண்டு விரலால் நாடாவில் பிடித்துத் தூக்கினார்.

"எனக்கு உது வேண்டாம். வேறை சோடி கேளும் பிள்ளை" என்றார் என்னிடம்.

"ஏன் அன்ரி, அளவு இல்லையோ?"

"அளவு கிடக்கட்டும். உமக்குத் தெரியாதே?" என்று குரலைத் தாழ்த்தினார். நானும் சாதியில் அவருடைய ஆட்களில் ஒருத்தி. அதனால்தான் என்னிடம் கண்ணைச் சுருக்கிப் பேசுகிற துணிவு வந்தது.

அந்த மனிதன் தட்டில் தேடி வேறொரு சோடி எடுத்து வந்தான். அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கழற்றிவிட்டுப் போனது. ஒரு அளவு பெரியது. உள்ளேயிருந்து ஆவி பறந்தது, நாற்றம் எனக்கு அடித்தது. அன்ரி அதற்குள் காலைப் பூப்போல விட்டு, நாடாவைக் கட்டி, "ஓ, இது சுகமா இருக்கு" என்றார்.

முதியோர் இல்லத்தில் ஒருநாளும் வராத குமட்டல் அங்கே வந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். சப்பாத்து நாறுகிறதென்று பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு வந்தவள் நான். உண்மையான நாற்றம் எதென்று அன்றைக்குத்தான் மூக்கில் ஏறியது. அதற்கு எந்தப் பையைச் சுற்றுவது?

ஸ்கொட்லாந்துப் பயணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். நாட்டு நிலைமை, காலநிலை எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மேல்வீட்டுப் பிள்ளைக்கு இந்தமுறை பஸ்ஸிலை இடம் காணாது. அடுத்தமுறை பாப்பம் எண்டு சொல்லும்."

"அவள்தானே அண்ணை எல்லாரிலும் திறம்? அவளுக்கு இடமில்லாமல் ஆருக்கு இடம்?"

"திறமை இருக்குத்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்கு இந்த வித்தியாசம் ஒண்டும் இல்லைப் பாரும். நான் ஆர் வீட்டிலையும் சாப்பிடுவன். மனிசிமார்தான் கொஞ்சம் சங்கடப்படீனம். அங்கை ஒரே அறையிலை படுக்க வேணும், ஒண்டாச் சாப்பிட வேணும். எதுக்குத் தேவையில்லாத பிரச்சினை?"

தனக்கு ஒன்றுமில்லை, மனிசிக்குத்தான் என்கிற இந்த ஆண்களைப் போலக் கேடுகெட்ட சாதி வேறில்லை. பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது. மனைவியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல்லெறிவார்கள். அவர் குடித்த கோப்பையைக் கழுவும்போது எனக்கு அதை உடைத்துக் குப்பையில் போடவேண்டும் போல இருந்தது. கோப்பை என்ன பிழை செய்தது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் கனடாக்காரி தலைவர் கொடுத்த பெயர்ப்பட்டியலைக் காட்டி, ஏன் தங்கச்சிக்கு இடமில்லை என்று என்னைக் கேட்டாள். எட்டு இருக்கைக்கு எட்டுப்பேர் என்றுதானே பேச்சு என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சாதி என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன், அது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சப்பாத்துக் கதையைச் சொன்னேன். தமிழில் சொல்லும்போது சுற்றிவளைக்கலாம், மூடி மறைக்கலாம். என் ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை. அவள் போட்டதை இவர் போடமாட்டார், அவளுடைய தகப்பன் மரமேறினவர் என்றபடியால். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. சொல்லும்போது என் வாயே நாறியது.

"அவளுடைய காலுக்கா பயப்படுகிறார்கள்?" என்றாள்.

"ஓம்" என்றேன், ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்பதையும் மறந்து.

அவள் கத்தவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு நேரே தலைவருக்கு டெலிபோன் எடுத்தாள். அந்தப் பெண் வராவிட்டால் தான் பஸ் ஓட்டப் போவதில்லை, பஸ் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கவுன்சிலுக்குச் சொல்லவேண்டி வரும் என்றாள். அவ்வளவும் இரண்டு வசனம்.

அந்த மாலையே தலைவர் திரும்பவும் என் வாசலில் நின்றார். இந்தமுறை முகமெல்லாம் சமாதானம். எல்லாரும் கூடிப் பேசி நல்ல முடிவு எடுத்திருக்கிறார்களாம். அந்தப் பிள்ளை வரலாம். பின் இருக்கையில் இருக்கலாம். சாப்பாட்டுக்குத் தன் தட்டையும் கோப்பையையும் கொண்டுவர வேண்டும். சப்பாத்தும் தானே தேடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் போடுகிறதைப் போடக்கூடாது.

"ஒருத்தருக்கும் மனம் நோகாமல் முடிச்சாச்சு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அவர் மூக்கில் அடித்துச் சாத்தினேன். பிறகு மேல்மாடிக்கு ஏறிப்போய்த் தங்கச்சியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் போகேல்லை" என்றேன். "நீயும் போகாதை. உதுகளோடை ஒரு பஸ்ஸிலை இருக்கவே எனக்கு அரியண்டமாக் கிடக்கு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"நீங்கள் அரியண்டப்பட்டுக்கொண்டு வீட்டிலை இருக்கலாம் அக்கா. உங்களுக்கு அது ஏலும். நான் அரியண்டப்பட வெளிக்கிட்டால் எங்கையும் போகேலாது. பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்க மாட்டன், இஞ்சை வந்திருக்கவும் மாட்டன்."

"அப்ப உன்ரை தட்டைத் தூக்கிக்கொண்டு போகப் போறியே?"

"தட்டு என்ன தட்டு. எனக்கு மலை வேணும்."

என் அருவருப்பை ஏதோ பெரிய கௌரவம் போலத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதை அவள் மடித்த உடுப்போடு சேர்த்து ஒரு பக்கம் வைத்துவிட்டாள். நானும் போவதென்று முடிவெடுத்தேன். கனடாக்காரி தன்னுடைய பழைய சப்பாத்துச் சோடி ஒன்றைத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். கொஞ்சம் பெரிது, ஆனால் நல்ல தோல், உள்ளே கம்பளி. இரண்டு காலுறை போட அளவாக வந்தது.

பஸ்ஸில் ஒரு முழுப் பகல். பின் இருக்கையில் தங்கச்சியும் நானும். முன்னால் அன்ரிமார் பட்டிமன்றம் வைத்துக்கொண்டும் புளிச்சாதப் பார்சலைப் பிரித்துக்கொண்டும் வந்தார்கள். தலைவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் கமெராவோடு இருந்தார். அவருக்கு மட்டும் இடம் எப்படியோ கண்டது. பார்சல் பின்னால் வரும்போது எனக்கு வாழையிலைப் படம் போட்ட தட்டில் வந்தது. தன் தட்டைக் கொண்டுவந்திருந்த தங்கச்சிக்குக் கடதாசிப் பையில் வந்தது. அவள் சாப்பிட்டாள். நான் என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தேன். அதைச் சாப்பிடாமல் விட்டு நான் என்ன சாதித்தேன் என்று தெரியவில்லை, பசித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை கண்ட மலை நான் நினைத்தது போல வெள்ளை வெளேரென்று இல்லை. சாம்பல் நிறம், இடையிடையே பாறையும் காய்ந்த புதரும். காற்று ஊசியாகக் குத்தியது. பனி சில இடத்தில் கல்லுப்போல இறுகியும், சில இடத்தில் கூழாகவும் கிடந்தது. அன்ரிமார் காற்சட்டைக்கு மேல் சேலை உடுத்து, அதற்கு மேல் பெரிய ஜாக்கெட் போட்டு, அடிவாரத்தில் சங்கத்தின் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் படம் எடுத்தார். பிறகு அன்ரி ஒருமுறை பலகையில் ஏறி நின்று படம், விழுந்து படம், எழும்பிப் படம். அந்த வருடச் சங்க மலரின் அட்டையில் அதில் ஒன்றுதான் வந்தது.

தங்கச்சியும் கனடாக்காரியும் இழுவையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். கீழே நின்ற எனக்கு இரண்டு புள்ளிகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு புள்ளி இறங்கத் தொடங்கியது. இந்தப் பக்கம் வளைந்து, அந்தப் பக்கம் வளைந்து, பனியைத் தூவிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் சிலர் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். நான் அழுதேன். காற்றினால் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்கவில்லை. அவள் இறங்கிவந்து எங்களைப் பார்க்காமலே திரும்பவும் மேலே போனாள். பகல் முழுக்க அப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

பின்னேரம் அன்ரி கொட்டகைக்கு வெளியே வாங்கில் இருந்தார். குளிர் பிடித்துவிட்டது, சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நாடா நனைந்து உறைந்து கம்பி மாதிரி ஆகிவிட்டது. விரல் விறைத்துப்போய் அவரால் அவிழ்க்க முடியவில்லை. தலைவர் குனிந்து பார்த்தார், வயிறு குனிய விடவில்லை. நான் வாங்குக்குப் பக்கத்தில் என் பலகையோடு நின்றேன். அந்த நேரம் தங்கச்சி மேலேயிருந்து வந்து எங்களுக்குக் கொஞ்சத் தூரத்தில் பலகையைக் குறுக்கே திருப்பி நின்றாள். முகம் சிவந்து, மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்ரி அவளைக் கண்டதும் ஒரு காலைத் தூக்கி நீட்டினார்.

"வாரும் பிள்ளை, இதை ஒருக்கா இழுத்துக் கழட்டிவிடும்."

மறதியில் நீட்டியிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. மறந்திருந்தால் என்னிடம் நீட்டியிருப்பார், நான்தான் கிட்ட நின்றேன். அவள் யார் என்பது நன்றாக நினைவிருந்ததால்தான் அந்தக் கால் அவளைத் தேடிப் போனது. அவள் போட்ட சப்பாத்தைத் தான் போடக்கூடாது. ஆனால் தன் காலில் இருக்கிற சப்பாத்தை அவள் குனிந்து கழற்றலாம். அவருடைய கணக்கில் இரண்டும் ஒரே சட்டம். தலைவரும் அதில் ஒரு விசித்திரமும் காணாமல், அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

தங்கச்சி அந்தக் காலைப் பார்த்தாள். பனி ஒட்டிய பலகையில் நின்றபடியே, கோபமில்லாமல், நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் தொட்டால் பிறகு நீங்கள் அதைப் போடமாட்டியள் அன்ரி. நாளைக்கும் வேணுமெல்லோ."

சொல்லிவிட்டு இழுவை வரிசைக்குப் போனாள். அன்ரியின் கால் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு அது மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் பலகையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சிக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றேன்.